இரண்டாவது டீலியா

ஜனவரி 14, 2024
நான்காவது டீலியா மெல்லட்டும் என் தாய் இல்லை என்று ஆகிவிட்டது. நான் பிறந்த வருடம் அவர் பாஸ்டனில் இருந்தாராம்.

என் பிறப்புச் சான்றிதழை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வருடம் அயர்லாந்து அரசு மறைத்து வைத்திருந்து, சட்டம் மாறிய பிறகு கொடுத்த காகிதம். தாய்: டீலியா மெல்லட், மேயோ மாவட்டம். குழந்தை: சபீனா. தந்தை என்ற இடத்தில் ஒரு கோடு. சபீனா என்று என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை. தத்தெடுத்தவர்கள் ரீட்டா என்று வைத்தார்கள்.

ஜனவரி 15
அலுப்பு. எதையும் தொடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 3
ஃபின்டன் மரபணுச் சோதனைக் குழாயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "காகிதத்த நம்பி ஒரு வருஷம் போச்சு. இதுல துப்பு. கல்யாணம் ஆன நாள்லேருந்து என் மேல துப்பணும்னுதான இருக்க?"

சிரிக்கத் தெம்பில்லை. துப்பினேன். அதற்கு முன் அரைமணி நேரம் டீ குடிக்கக் கூடாதாம், அதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 19
முடிவு வந்துவிட்டது. மார்ட்டின் மெல்லட் என்று ஒருவர், மேயோவில் மாடு வளர்க்கிறார். எனக்கு மாமன் மகன் அளவுக்கு நெருக்கமாம்.

அவர் குடும்பத்தைப் பார்த்தால் – போன வருடம் நான் பட்டியலிலிருந்து முதலில் அடித்துவிட்ட அதே குடும்பம். அவர்கள் கல்லறையில் மழையில் நின்று நானே படித்தேனே: டீலியா, 1944, வயது மூன்று. மூன்று வயதில் செத்த குழந்தை என்னை எப்படிப் பெற்றிருக்கும்? விஞ்ஞானமும் கைவிட்டதா?

மார்ச் 21
மார்ட்டினிடம் தொலைபேசியில் கல்லறையைப் பற்றிச் சொன்னேன்.

"அது மொத டீலியாங்க. அடுத்த வருஷம் பொறந்த பொண்ணுக்கும் அதே பேர வச்சாங்க. செத்த பிள்ளை பேர அடுத்ததுக்கு வைக்கிறது வழக்கம்தான, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். என்னை வளர்த்த அப்பாவே செத்துப்போன அண்ணன் பெயரோடுதான் திரிந்தார். தெரிந்தும் மண்டையில் ஏறவில்லையே. மடச்சி.

"டீலியா அத்தை நல்லாத்தான் இருக்காங்க. காது மட்டும் கொஞ்சம் மந்தம்" என்றார்.

அந்தக் கல்லறையிலிருந்து டீலியாவின் வீடு இரண்டு மைல்.

ஏப்ரல் 2
மார்ட்டின் என்னைப் பற்றி டீலியாவிடம் சொல்லிவிட்டார். "கேட்டுக்கிட்டாங்க. எந்திரிச்சுப் போயி கோழிக்குத் தீனி போட ஆரம்பிச்சுட்டாங்க."

ஏப்ரல் 16
இன்னும் பதில் இல்லை. வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைக்கட்டுமே. எனக்கும் வயசாகுது.

மே 11
வரச் சொல்லியிருந்தார். போனோம்.

அவருக்குப் பிற்பாடு கல்யாணமாகிப் பிறந்த மூன்று பெண்களும் சமையலறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. ஹாம், அவித்த முட்டை, சோடா ரொட்டி. வழியில் போக்குவரத்து எப்படி இருந்தது என்று ஃபின்டன் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூத்தவள் நோரீன் என் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. காது மந்தமானவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டாள். "சபீனான்னா பாட்டி பேருல்ல? மூத்த பொண்ணுக்குத் தன் பேர வைக்கலன்னு பாட்டி சாகுற வரைக்கும் உங்ககிட்ட மொகம் குடுத்துப் பேசல. எங்க மூணு பேர்ல ஒருத்திக்குக்கூட ஏன் வைக்கல?"

அம்மா ரொட்டி வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அது ஏற்கெனவே ஒருத்திக்கு வச்ச பேரு. அவ செத்துட்டான்னு யாரும் எங்கிட்ட சொல்லலியே."