ஹோட்டல் துணி நீங்கலாக

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் மருமகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று அலையாதே.

உன் அத்தான் போய் இன்றோடு நாற்பத்தாறு நாள். எனக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது. அழுகைதான் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா அதற்காக என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அது கிடக்கட்டும்.

அத்தான் விலை பேசியிருந்த சலவைக் கடை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். உன் சேமிப்பும் அதில் இருக்கிறதே, கேட்காமல் என்ன செய்வாய்? முன்பணம் கொடுத்த எட்டாம் நாள் அத்தான் மாரடைப்பில் போனார். அவர் பெயரில் வங்கி ஒப்புக்கொண்ட கடனும் அத்தோடு நின்றுவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் கடைக்காரர் முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்தார். "இந்த நெலமையில உங்களக் கட்டாயப்படுத்த மாட்டேம்மா. முன்பணத்தத் திருப்பித் தந்துடறேன்" என்றார். நல்ல மனிதர். வாங்கிக்கொண்டிருக்கலாம். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எழுதியிருந்தாய். விடவில்லை. விடுப்புப் போட்டுவிட்டு மூன்று நாள் கடையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். எத்தனை மூட்டை வருகிறது, யார் திரும்ப வருகிறார்கள் என்று எழுதினேன். மூன்று வருட வரவுப் புத்தகத்தைத் தண்ணீர் பில், மின்சார பில்லோடு வைத்துப் பார்த்தேன். துவைக்காத துணிக்கு மீட்டர் ஓடாது. பதினோரு வருடம் பள்ளி அலுவலகத்தில் பில் சரிபார்த்த கண் சும்மா இருக்குமா? எல்லாம் பொருந்தியது.

இரண்டாம் நாள் இஸ்திரி போடும் பெண் மெதுவாக என் பக்கத்தில் வந்தாள். "ஹோட்டல் துணி இன்னும் ரெண்டு மாசந்தாங்க்கா. அவங்களே மெஷின் வாங்கிட்டாங்க. அப்புறம் என்னை வெச்சுக்குவீங்களா?" என்று கேட்டாள். கடை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஹோட்டலின் விரிப்பும் துண்டும்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்து போய்க் கடைக்காரரிடம் கேட்டேன்.

அவர் விழித்தார். "சார்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேனேம்மா. வெலையக் கொறச்சதே அதுக்காகத்தானே?" என்று மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அத்தானின் கோழிக் கிறுக்கல். மேலே 'ஹோட்டல் துணி நீங்கலாக' என்று தலைப்புப் போட்டு, மாத வரவு, சம்பளம், சோப்பு, கடன் தவணை எல்லாம் எழுதியிருந்தார். அடியில், 'வீட்டில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.'

தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து சரிபார்த்தேன். ஒரு தவறு இருந்தது. கடை வாடகை அடுத்த வருடம் ஏறுவதை விட்டுவிட்டார். சிவப்பு மையால் திருத்தினேன். திருத்திவிட்டு, அவரிடம் காட்டிக் கேலி செய்யலாம் என்று தாளோடு எழுந்து உள்ளறை வரை போய்விட்டேன், தம்பி. நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து கூட்டலை முடித்தேன்.

மறுநாள் அந்தத் திருத்தத்தைக் காட்டியதும் கடைக்காரர் விலையை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். விலையில் நாலில் ஒரு பங்கை இரண்டு வருடத்தில் கடை வருமானத்திலிருந்தே கொடுத்தால் போதும் என்று எழுதியும் கொடுத்தார். மீதிக்கு என் பெயரில் புதிதாகக் கடன் கேட்டேன். "யாரு நடத்துவாங்க?" என்று வங்கி அதிகாரி எனக்குப் பின்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். நான்தான் என்றேன். நேற்று கடன் கிடைத்துவிட்டது. புதன்கிழமை கையெழுத்து. இஸ்திரிப் பெண்ணிடம், நீ இருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். பெரிய லாபம் வராது. முழுகவும் முழுகாது. உன் பணம் பத்திரம்.

அத்தான் போன அன்றைக்கு உனக்கு விடுப்புக் கிடைக்காததை நான் மனதில் வைக்கவில்லை. நீயும் வைக்காதே. எப்போது கிடைக்கிறதோ அப்போது வா. கடைக் கணக்கைப் பார்க்க வந்ததாகவே வைத்துக்கொள். அத்தானைப் பற்றி நீயாக எதுவும் கேட்க வேண்டாம். நானாகப் பேச ஆரம்பித்தால், நிறுத்தச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு. அது போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா