குப்பம்மாள் இடித்த அடுப்பு

பொன்னேரி,
18.8.1957

அப்பாவுக்கு வல்லியின் வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வேலை பழக்கச் சொல்லி என்னிடம் நான்கு புதிய கிராம சேவிகைகளை ஒப்படைத்திருக்கிறார்கள். அவர்களில் நசீம் பானு போன வாரம் ராஜினாமா எழுதிக்கொண்டு வந்தாள். பக்கத்து ஆரணியில் குப்பம்மாள் என்பவருக்கு அவள் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்பு வீடெல்லாம் புகையைப் பரப்ப, அந்த அம்மாள் அதைக் கடப்பாரையால் இடித்துவிட்டார்.

சமாதானம் பேச நசீமையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"இன்னாம்மா, உன் ஊட்ல இந்த அடுப்புலதான் ஆக்கிக்கினு கீறியா?" என்று குப்பம்மாள் கேட்டார்.

இல்லை என்றேன். பயிற்சியில் படம் வரைந்ததோடு சரி, நான் இதுவரை ஒன்றுகூடக் கட்டியதில்லை என்று திரும்பும் வழியில் நசீமிடம் ஒப்புக்கொண்டேன். அவள் தன் ராஜினாமாவைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் என் அறையிலேயே இருவரும் மண் குழைத்தோம். இரண்டு முறை இடித்துக் கட்டினோம். மூன்றாம் முறை புகை குழாயில் ஏறியது. நேற்று சந்தைக்கு வந்த குப்பம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொகை இல்லதான். வந்து கட்டிக் குடு" என்று நசீமிடம் சொல்லிப் போனார்.

களைப்பாக இருக்கிறது அப்பா. மற்ற மூவரும் இன்னும் அடுப்பே கட்டத் தொடங்கவில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் சின்ன வெண்கலப் பானையைக் கொடுத்தனுப்புங்கள். ஓர் ஆளுக்குச் சோறு வடிக்க இங்கிருப்பது பெரிதாக இருக்கிறது. ஆரணி பஸ் வந்துவிட்டது, நசீம் கூப்பிடுகிறாள்.

வல்லி