ஸ்கிராம்பளரை ஷா ஆலம் கொண்டுபோனது

5.7.1987, ஞாயிறு

ஸ்கிராம்பளர் பைக்கின் இடது கைப்பிடி முனையில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது.

பந்தயம் பழகப் போன அண்ணன் மத்தியானம் செலாயாங்கிலிருந்து வந்தான். கிளட்ச் லீவர் உடைந்திருந்தது, மட்கார்டு கீறியிருந்தது. "பழகுறப்ப விழுந்துட்டேம்மா" என்றான் அம்மாவிடம். நாகையா அங்கிளிடமும் அதையேதான் சொன்னானாம். பைக் அங்கிளுடையது. அவருடைய மோட்டார் பட்டறையில் அண்ணன் வேலை செய்கிறான். பந்தயத்துக்கு அவர் வண்டி கொடுக்கிறார், இவன் ஓட்டுகிறான்.

செம்மண்ணில் விழுந்தால் செம்மண்தானே ஒட்டும்? மஞ்சள் எங்கிருந்து வந்தது? பைக்கை ஏற்றிப்போகும் ட்ரெய்லரின் பக்கக் கம்பிகள்தான் மஞ்சள்.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டான்.

"கண்டுபுடிச்சிட்டியா?"

தலையாட்டினேன்.

"போற வழியிலேயே ட்ரெய்லர்ல சாஞ்சிருச்சி. பாலன் பெரிய மெக்கானிக்கு, ஒரு பைக்கக் கட்டத் தெரியலன்னு பட்டறையில சிரிப்பானுங்க. வாயத் தொறந்துடாத தனம்."

நான் என்றைக்கு வாயைத் திறந்தேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

6.7.1987

சாயங்காலம் நாகையா அங்கிள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் வழக்கம்போல அறைக்குள். டீத் தட்டைத் திரைக்கு வெளியே நீட்டினேன், அம்மா வாங்கிக்கொண்டார்.

அங்கிள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இருவத்தாறாம் தேதி ஷா ஆலத்துல பந்தயம். வண்டி இன்னொரு தடவ இப்படி ஒடஞ்சி வந்திச்சின்னா கன்னையாகிட்ட குடுத்துடுவேன்லா. என் தங்கச்சி மகன், அவனும் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார்.

இரவு அண்ணன் தட்டில் சோறு பாதி மீந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பைக்கில் உட்கார்ந்தால்தான் அவன் அவனாக இருக்கிறான். மற்ற ஆறு நாளும் யாருடைய வண்டியையோ துடைக்கிறான்.

9.7.1987, வியாழன்

இன்று கடையில் ஒன்று கவனித்தேன்.

படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, ஒன்றரை வருடமாக லோரிக்குக் கன்வாஸ் தைக்கும் கடையில் இருக்கிறேன். வாசலில் தினமும் லோரிகள் நிற்கும். ஆனால் தையல் மெஷினை விட்டுத் தலை நிமிர்த்தினால்தானே பார்க்க முடியும்!

அரிசி லோரிக்காரர்கள் கன்வாஸை விரித்ததும் கட்டுவதில்லை. ஒருவர் மேலே ஏறி மூட்டைகளை நன்றாக மிதிக்கிறார். அமுங்க வேண்டியது அமுங்கிய பிறகுதான் கயிற்றை இழுக்கிறார்கள். மிதிக்காமல் கட்டினால் வழியில் மூட்டை இறங்கும், கயிறு தொளதொளவென்று ஆகிவிடும்.

வீட்டுக்கு வந்து பைக்கின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கினேன். ஒரு சாண் இறங்கியது. விட்டால் ஏறியது. அதற்குள் ஸ்பிரிங் இருக்கிறதே! மேடு பள்ளத்தில் பைக் தானே குனியும், குனிந்தால் கயிறு தளரும். அண்ணன் பக்க ஸ்டாண்டைப் போட்டு, பைக்கைச் சாய்த்து நிறுத்தி, அப்படியே கட்டியிருக்கிறான்.

சாப்பிடும்போது சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவன் கையில் ரசம் வழிந்தது, நக்கக்கூட மறந்துவிட்டான்.

"இவ்வளவு பேசுவியா நீ?" என்றான்.

12.7.1987, ஞாயிறு

பின் சந்தில் கட்டிப் பார்த்தோம். ஸ்டாண்டை மடக்கி, பைக்கை நிமிர்த்தி, முன் சக்கரத்தை ட்ரெய்லரின் முன்பலகையோடு ஒட்டி நிறுத்தினோம். கைப்பிடியில் நேராகக் கயிறு போட்டால் கேபிள் வயரை அறுக்கும். அதனால் பழைய காரிலிருந்து வெட்டிய சீட் பெல்ட்டில் நாலு வளையம் தைத்து வைத்திருந்தேன். கடை மெஷினில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். பெல்ட்டைக் கைப்பிடியில் சுற்றி, அதில் கயிற்றைக் கோர்த்து, பக்கத்துக்கு ஒன்றாக முன்னும் கீழுமாக இழுக்க வேண்டும். பின்பக்கம் துள்ளாமல் இருக்க இன்னும் இரண்டு.

அண்ணன் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்து, "என்னடி, பைக்குக்குத் தாலியா?" என்றான்.

"ஓடிப் போகாம இருக்கத்தான்" என்றேன்.

சிரித்து சிரித்து அவனுக்கு விக்கல் வந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவரும் சிரித்தார்.

அவனை சீட்டில் உட்கார வைத்து, முழு பலத்தோடு அமுக்கச் சொல்லி, அடிவரை இறங்கியதும் இழுத்துக் கட்டினேன். அப்படியே இருக்கட்டும், ரெண்டு நாள் பார்ப்போம் என்று விட்டோம்.

14.7.1987

பைக்கோட முன் ஸ்பிரிங் கம்பியில் எண்ணெய் ஒழுகுது. என்னாலதான். எல்லாம் என்னாலதான்.

15.7.1987

அண்ணன் திட்டவில்லை. அடிவரை அமுக்கிய நிலையில் இரண்டு நாள் இருந்ததில் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் போய்விட்டதாம். "எவ்வளவு அமுக்கணும்னு நானும்தான் யோசிக்கல" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து சீல் மாற்றினான். பிறகு ஒரு மரக்கட்டையை அறுத்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் செருகினான். இனி எவ்வளவு இழுத்தாலும் பாதிக்கு மேல் இறங்காது.

கட்டையை நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேவையே இல்லை. ஆனாலும் தேய்த்தேன்.

18.7.1987, சனி

பைக்கை ட்ரெய்லரில் கட்டி அண்ணன் செந்தூல் வரை போய் வந்தான். பைக் நிறுத்தினது நிறுத்தினபடி.

25.7.1987, சனி

"தனமும் வரட்டும்மா, கட்டுறது அவதான்" என்று அண்ணன் கேட்டான்.

"ஆம்பளப் பசங்க கூட்டத்துல வயசுப் புள்ளைக்கு என்ன வேல?" என்றார் அம்மா.

"திரும்பி வர்றப்ப யார் கட்டுவா? நீ வரியா?"

அம்மா யோசித்தார். கடைசியில், "நாகையா அண்ணன் கூடவே இருக்கணும். வெயில்ல நிக்கக் கூடாது. யார்கிட்டயும் பேசக் கூடாது" என்றார்.

"அவளா? பேசவா?" அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

தூக்கம் வருமா தெரியவில்லை. எந்தச் சட்டை போடுவது?

26.7.1987, ஞாயிறு

சந்தோஷத்தில் எல்லாம் முந்திக்கொண்டு வருகிறது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை ஆறரைக்கு நாகையா அங்கிள் தன் டட்சன் காரில் வந்து ட்ரெய்லரை மாட்டினார். பைக்கை ஏற்றினோம். கட்டப்போகிற நேரத்தில் அம்மா தட்டோடு வந்துவிட்டார். சூடம், விபூதி, எலுமிச்சம்பழம் நாலு. எங்கள் பக்கம் புது வண்டி எடுத்தாலும் தூரப் பயணம் போனாலும் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்புவது. அங்கிள் ட்ரெய்லர் சக்கரத்தைக் காட்டினார்.

"அண்ணே, பந்தயத்துல ஓடப்போறது ட்ரெய்லரா, பைக்கா?" என்று கேட்டார் அம்மா.

அண்ணன் பைக்கைத் தூக்கிப் பிடித்தான். அம்மா முன் சக்கரத்துக்கு அடியில் இரண்டு, பின் சக்கரத்துக்கு அடியில் இரண்டு வைத்தார். பச்சைக்காய், கல் மாதிரி. டயர் ஏறியும் நசுங்கவில்லை. நசுங்காமல் எடுக்கவும் கூடாது, அபசகுனம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஆனால் சாமி காரியம், அம்மா வேறு, அங்கிள் வேறு பக்கத்தில். வாயைத் திறக்காமல் பழத்தின் மேலேயே வைத்துக் கட்டினேன். நான் கட்டினேன்! அமுங்க வேண்டியதை அமுக்கிவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று சொன்னதே நான்தானே?

பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக பைக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழிவரை நன்றாகத்தான் இருந்தது. ஃபெடரல் ஹைவேயில் ரோடு வெட்டி ஒட்டுப்போட்ட இடத்தில் ட்ரெய்லர் டமார் என்று குதித்தது. பைக் லேசாக இடது பக்கம் தலையைத் திருப்பியது. அடுத்த குலுங்கலில் இன்னும் கொஞ்சம். இடது கயிறு காற்றில் ஆட ஆரம்பித்தது.

அங்கிள் ஏதோ பழைய பந்தயக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் ம் கொட்டிக்கொண்டிருந்தான். சொல்லு தனம். சொல்லு. இப்ப சாஞ்சா எல்லாம் போச்சி. சொல்லேண்டி!

"அங்கிள் நிறுத்துங்க!"

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அங்கிள் பயந்துபோய் ஓரம் கட்டினார்.

முன் சக்கரத்துக்கு அடியில் இருந்த பழம் இரண்டும் வெடித்து, பலகை முழுதும் சாறு. டயர் வழுக்கி அரையடி நகர்ந்திருந்தது. இன்னொரு குலுங்கல் போதும், மஞ்சள் கம்பியில் சாய்ந்திருக்கும்.

அங்கிள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "நல்ல வேள" என்றார். பிறகு மெதுவாக, "பாலா, செலாயாங் போறப்பவும் இப்படித்தானா?"

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "ஆமாண்ணே. பழகுறப்ப விழல. ட்ரெய்லர்லதான் சாஞ்சிருச்சி. கட்டத் தெரியலண்ணே."

லோரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் அங்கிளின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மடையா" என்றார் அங்கிள். "ஓட்டத் தெரியாதவன்னு நெனச்சில்ல கன்னையாவக் கூப்டப் பாத்தேன்! கட்டத் தெரியாதுன்னா சொல்ல வேண்டியதுதானே. எனக்கு மட்டும் தெரியுமா? இருவது வருசமா லோரிக்காரன்கிட்ட காசு குடுத்து ஏத்திவுடுறேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "யாரு இந்த பெல்ட்டெல்லாம் தச்சது?"

அண்ணன் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"அப்ப நீயே சொல்லும்மா, என்ன செய்யலாம்?"

சொன்னேன். சத்தம் கம்மியாகத்தான் வந்தது, ஆனால் சொன்னேன். முதலில் பழத்தையெல்லாம் எடுக்கணும். பலகையைக் காயத் துடைக்கணும். பின் சக்கரத்துப் பழம் இன்னும் முழுசாக இருந்தது. அதை என்ன செய்வது என்று மூவரும் விழித்தோம். அங்கிள் அவற்றை எடுத்து ட்ரெய்லர் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். "ஒங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். அண்ணன் சட்டையைக் கழற்றிப் பலகையைத் துடைத்தான். பிறகு அவன் சீட்டில் ஏறி அமுக்க, அங்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்தோம். "இன்னும், அங்கிள்" என்றேன். அவர் இன்னும் இழுத்தார்.

கிளம்பியபோது பழம் இரண்டும் பட் பட் என்று நசுங்கின.

பந்தயம் பற்றி எழுத வேண்டும். பத்தொன்பது பேர். அண்ணன் முதல் வளைவிலேயே விழுந்தான்! எழுந்து, காலை உதறிக்கொண்டு, ஒவ்வொருவராகத் தாண்டி ஆறாவதாக வந்தான். முகத்தில் பல்லைத் தவிர எல்லாம் செம்மண். கன்னையாவும் வந்திருந்தார், எங்கள் பக்கம் நின்று விசில் அடித்தார். நான் கத்தினேனாம். அங்கிள் சொல்கிறார். எனக்கு ஞாபகமே இல்லை.

நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, மூன்று பொட்டலம் வாங்கினார் அங்கிள். சம்பலில் நல்ல காரம். மூக்கில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன்.

27.7.1987

அம்மா கேட்டார்: "பழம் நல்லா நசுங்கிச்சா?" "நல்லா நசுங்கிச்சிம்மா" என்றேன். பொய் இல்லை.

9.8.1987, ஞாயிறு

இன்று சிரம்பானில் பந்தயம். விடியும் முன்பே கிளம்ப வேண்டும் என்பதால் நேற்றே பட்டறையில் பைக்கை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டிவிட்டோம். அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் இட்லி கட்டினார்.

பட்டறைக்குப் போனால் கன்னையாவும் இன்னொருவரும் நின்றிருந்தார்கள். அந்த மற்றவர் தன் ஸ்கிராம்பளரையும் எங்கள் ட்ரெய்லரிலேயே ஏற்றியிருந்தார். அவரே கட்டியும் இருந்தார், ஸ்டாண்டைப் போட்டு.

"பாலா, கட்டியாச்சா? போலாமா?" என்றார் அங்கிள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். அங்கிளும் பார்த்தார். பிறகு அந்தப் புது ஆளும் திரும்பி, யாரிது என்பதுபோலப் பார்த்தார்.

நான் ட்ரெய்லரில் ஏறினேன். எங்கள் பைக்கைப் பிடித்து ஆட்டினேன், ட்ரெய்லரும் சேர்ந்து ஆடியது. அவருடையதை ஆட்டினேன், அது மட்டும் ஆடியது.

"அண்ணே, இத அவுத்துக் கட்டணும்" என்றேன் அவரிடம். "சீட்ல ஏறி உக்காருங்க."