கப்பலுக்குக் காத்திருந்த கட்டைச் செருப்பு

தவுக்கே,

இன்று காலை ஈப்போ பத்திரிகை அலுவலகத்தில் என் மேசைக்குச் சீனத்துத் தந்தி வந்தது. வடக்குத் தலைநகரம் விழுந்ததாம். தெற்கத்திப் படைத்தலைவர் நாட்டை ஒரே கொடியின் கீழ் கொண்டுவந்துவிட்டாராம். லகாட்டுக்குப் போய் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்துவிட்டேன். சைக்கிளைத் தொட்ட பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ரப்பர் தோட்டத்து வாசலில் உங்கள் மளிகைக் கடை. சீனத்து முதலாளி என்பதால் எல்லாருக்கும் நீங்கள் தவுக்கே. தோட்டத்தாரோடு பழகி என்னைவிட வேகமாகத் தமிழ் பேசினீர்கள். கருவாட்டுக் கூடைக்கு மேலே, பலகையில், ஒரு ஜோடி சிவப்புக் கட்டைச் செருப்பு இருக்கும். உங்களால் ஊருக்குப் போக முடியாததால், மாப்பிள்ளை இடத்தில் ஒரு சேவலை நிறுத்திக் கல்யாணத்தை முடித்துவிட்டார் உங்கள் தாயார். கடல் கடந்தவர்களுக்கு அங்கே அப்படியொரு வழக்கம். செருப்பு அந்தப் பெண்ணுக்காக வாங்கியது. அவள் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் முகத்தை அவளும் பார்த்ததில்லை.

தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்த அஞ்சலை ஒருநாள் அதற்கு விலை கேட்டாள்.

"அது ஜுவால் இல்லலா, விக்கிறதுக்கு இல்ல. என் பெண்டாட்டிது."

"அவளைச் சேவலுக்குத்தானே கட்டிக் குடுத்தாங்க? கொக்கரக்கோன்னு கூவிப் பாருங்க தவுக்கே, ஓடி வந்துருவா!"

"சேவல் உன் புருசனைவிட நல்ல மாப்பிள்ளைலா. கள்ளு குடிக்காது."

கடையே சிரித்தது.

அந்த ஆண்டுதான் சீனத்தின் பெரிய தலைவர் இறந்தார். கடையைச் சாத்திக் கறுப்புத் துணி கட்டினீர்கள். அவர் இடத்துக்கு யார் என்று கான்டனில் மோதிக்கொண்டார்கள். சில மாதங்களில் வெளிநாட்டாரின் துப்பாக்கிச் சூட்டில் ஜனங்கள் செத்தார்கள். கோபம் பக்கத்தில் பிரிட்டிஷார் ஆண்ட ஹாங்காங்கின் மேல் திரும்பியது. துறைமுகத்துத் தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள். இங்கே வரும் கப்பல் ஹாங்காங்கில்தான்; கான்டனிலிருந்து அங்கே போகும் வழி அடைபட்டது. உங்களிடம் வர உங்கள் மனைவி கட்டிய மூட்டை கட்டியபடியே கிடந்தது.

வந்த தந்திகளையெல்லாம் உங்களுக்குத் தமிழில் சொன்னேன். வாரிசாக வரக்கூடியவர்களில் ஒருவர் சுடப்பட்டார், இன்னொருவர் விரட்டப்பட்டார்.

"அவங்க நாற்காலிக்கு அடிச்சுக்கட்டும் அண்ணே. ஒரே ஒரு கப்பலை மட்டும் விடச் சொல்லி பேப்பர்ல எழுதுங்க" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் காலையில் கடை திறந்ததும் முதலில் அந்தச் செருப்பைத்தான் துடைப்பீர்கள்.

அடுத்த ஆண்டு மழையோடு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டீர்கள், "கப்பல் விட்டாச்சா?" இல்லை என்றேன். அதன்பின் நீங்கள் எதுவும் கேட்கவில்லை.

உங்களுக்குப் பிறகுதான் வழி திறந்தது. சாவுச் செய்தி போய்ச் சேருமுன் அவள் கப்பலேறிவிட்டாள். பினாங்கில் அவளை ரயிலேற்றிய உங்கள் உறவினருக்கும் சொல்ல வாய் வரவில்லை. அடையாளத்துக்காகச் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஈப்போ ஸ்டேஷனில் நின்றேன். நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்த அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் உங்களைத் தேடினாள்.

இன்று மாலை லகாட்டுக்குப் போனேன். இப்போது கடை அவளுடையது. தமிழ் அஞ்சலையிடம் கற்றது. தந்தியைச் சொன்னேன். யார் ஜெயித்தார் என்று அவள் கேட்கவில்லை. எப்போதும் கேட்பதையே கேட்டாள்:

"அவரு எப்பிடி இருப்பாரு அண்ணே?"

நீங்கள் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. கணக்குப் பென்சிலைச் செருகும் இடது காதைச் சொன்னேன். சிரித்தால் தெரியும் பல் இடைவெளியைச் சொன்னேன். முன்பே சொன்னவைதான்.

உங்கள் முகம் இப்போது என்னிடம் இருக்கிறது, தவுக்கே. நானும் அதை மறந்துவிட்டால், அவள் கண்ட மாப்பிள்ளை அந்தச் சேவல் மட்டும்தான்.