தோட்டக் கள்ளன் என்ற பெயர்

இன்று காலை அம்பத்தூரில் என் வீட்டு முன்கூடத்தில், சட்டப் புத்தக அலமாரியின் அடியில், ஓர் ஆறுமணிக் குருவி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. இரவெல்லாம் ஐப்பசிக் காற்று. வடக்கேயிருந்து பறந்து களைத்து, விளக்கு வெளிச்சத்தைக் கண்டு உள்ளே வந்திருக்க வேண்டும். கையில் எடுத்தபோது அது எதிர்க்கவில்லை. பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணின் குறுக்கே கரும்பட்டை, வால் என்று சொல்லத் தயங்கும் ஒரு துண்டு, அதன் அடியில் குங்குமச் சிவப்பு. ஒரு கூடையால் மூடி இருட்டில் இருத்தினேன். நீ செய்வதைப் பார்த்திருக்கிறேன். மாலையில் வேலியோரம் திறந்துவிட்டேன். இரண்டு தத்தல், பிறகு சருகும் அதுவும் ஒன்றாகிவிட்டன.

நேற்று உனக்கு இரங்கற் கூட்டம் நடந்தது. தலைமை வகித்தவன் யார் என்று நீ ஊகித்திருப்பாய்.

அவனும் நீயும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ஒரு மார்கழி விடுமுறையில் முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் இருந்த அவனுடைய குடும்பத் தோப்புக்கு நம்மை அழைத்துப் போனான். தென்னையும் மாவும் முடியும் இடத்தில் புதர்க்காடு தொடங்கியது. ஊர் ஆடுகள் மேய்வதும், பெண்கள் சுள்ளி பொறுக்குவதும் அங்கேதான். அந்தி சாயும் வேளையில் இரண்டு சுரமுள்ள ஒரு சீழ்க்கை கேட்டது. நீ நின்றுவிட்டாய். அவன்தான் உன் தோளைப் பிடித்துக் குனியவைத்துப் புதரடியில் ஓர் ஆறுமணிக் குருவியைக் காட்டினான்.

“அதோ பார் மச்சான். எங்க ஊர்ல இதும் பேரு தோட்டக் கள்ளன். ஒண்ணுத்தையும் எடுக்கமாட்டான். ஆனா திருட்டு முழி முழிச்சிகினு பதுங்கிப் பதுங்கித்தான் போவான்.”

அந்தப் பெயரை உனக்குக் கொடுத்தவன் அவன். நான் கூடவே நின்றிருந்தேன்.

அன்று தொடங்கியது உன் பைத்தியம். கொரட்டூர்ப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்த நாட்களெல்லாம், மழைக்காலத்து விடுமுறை நாட்களை அந்தப் புதர்க்காட்டுக்கே கொடுத்தாய். பறவையைச் சுட்டு, தோலுரித்து, பெட்டியில் அடுக்குவதே பறவைகளைக் கற்பது என்று துரைமார்கள் கருதிய காலத்தில், நீ வெறுங்கையோடு குந்தியிருந்தாய். வாடைக் காற்றோடு வந்து, கோடை முற்றுமுன் வடக்கே திரும்பிவிடும் இந்தப் பறவை இங்கே கூடு கட்டுவதில்லை என்றாய். தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் புழுவும் கரையானும் தின்னும். உறங்க மட்டும் கிளைக்கு ஏறும். விடியலிலும் அந்தியிலும் ஒன்று கூவினால், அடுத்த புதரிலிருப்பது தன் எல்லையைச் சொல்லிப் பதில் கூவும். “மரத்தை வெட்டாமலே காட்டை அழிக்கலாம், தெரியுமா? சருகைக் கூட்டிப் பெருக்கினால் போதும்” என்று ஒருமுறை சொன்னாய். அப்போது அதை உன் விசித்திரப் பேச்சுகளில் ஒன்றாகவே கேட்டுக்கொண்டேன்.

பிறகு யுத்தம் வந்தது. ஆவடியைச் சுற்றிப் பட்டாளத்துக்கு நிலம் எடுத்தார்கள். புதர்க்காடும் தன் பட்டா நிலமே என்று அவன் நஷ்ட ஈடு கோரினான்; அது பொது மேய்ச்சல் நிலம் என்று ஊரார் மறுத்தார்கள். ஊரார் சொல்லை உறுதிப்படுத்தக்கூடிய படித்த சாட்சி நீ ஒருவன்தான். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டாய். நில விசாரணைக்குச் சில தினங்களுக்கு முன், தேங்காய்த் திருட்டுக்கு உடந்தை என்று அவனுடைய தோப்பில் உன்னைப் பிடித்தார்கள்.

காவலாள் கோர்ட்டில் சொன்னது எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. குறுக்கு விசாரணை செய்தவன் நான்தானே.

“பொதராண்ட குந்திகினு இருந்தாரு சாமி. இன்னா பண்றே சார்னு கேட்டேன். ‘சத்தம் போடாதேப்பா, தோட்டக் கள்ளன் வந்திருக்கான்’னாரு. எங்க கீறான்னேன். ‘இப்பத்தான் உள்ள போனான், ஓடிடப் போறான்’னு வாய் மேல விரல வெச்சாரு. நான் வுடுவனா? ஓடிப்போயி நாலு பேரை இட்டாந்து, தடியோட பொதரை வளைச்சிகினேன்.”

“உள்ளே என்ன இருந்தது?”

“ஒரு குருவி பறந்துச்சு. கள்ளனக் காணோம். சாரு மட்டும்தான் கீறாரு.”

“அந்தக் குருவியைத்தான் அவர் சொன்னார் என்று உனக்குத் தோன்றவில்லையா?”

“குருவியப் போயி எவனாவது கள்ளன்னுவானா சாமி? நான் மதுராந்தகத்துலேர்ந்து பொழைக்க வந்தவன். குருவி இன்னா தேங்காயா துன்னும்?”

கோர்ட்டே சிரித்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றபடி நீயும் சிரித்தாய். அந்த மனிதன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் கேட்டதைக் கேட்டபடி சொன்னான். தேங்காய்த் திருடனுக்குக் காவல் நின்றதாக உன் மேல் குற்றச்சாட்டு. அடுத்து, தோப்புக்காரன் என்ற முறையில் அவன் கூண்டேறினான். தோட்டக் கள்ளன் என்று ஒரு பறவை உண்டா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சத்தியப் பிரமாணத்தின் மேல் சொன்னான்: “கேள்விப்பட்டதே இல்லை.”

வக்காலத்தை விட்டுவிட்டு நானே சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன் என்று அன்று உன்னிடம் மன்றாடினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். “வேணாம்டா. அவன் பொய்யன்னு நீ நிரூபிச்சிட்டா, நாம மூணு பேரும் சிநேகிதமா இருந்ததும் பொய்யாப் போயிடும். எனக்கு அது வேணும்.”

வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனால் நில விசாரணை அதற்கு முன்பே முடிந்திருந்தது. “திருட்டு வழக்கில் இருப்பவர் நீங்கள்தானே?” என்ற ஒரே கேள்வியோடு உன் சாட்சியத்தை ஒதுக்கினார்கள். நிலம் அவனுடையது என்று தீர்ந்து, நஷ்ட ஈடு அவனுக்குப் போயிற்று. பட்டாளத்தார் மரங்களை நிழலுக்கு விட்டுவைத்தார்கள். தரையை வழித்துப் பெருக்கி, செம்மண் பரப்பி, வரிசையாகக் கொட்டகை போட்டார்கள். அடுத்த ஐப்பசியில் நீ வேலிக்கு வெளியே நின்று அந்திவரை காத்திருந்தாய். ஒரு கூவல்கூட இல்லை. பள்ளி நிர்வாகம் உன்னை மரியாதையாக விலகச் சொன்னது. ரயிலடியில் பையன்கள், “கள்ளன் வாத்தியார் போறாரு டோய்!” என்று கூவினார்கள். அதற்கும் நீ திரும்பிப் புன்னகைத்தாய். உன் மேல் எனக்கு இருந்த ஒரே ஆத்திரம் அந்தப் புன்னகைதான்.

நேற்று அவன் உன் படத்து மாலையைத் தொட்டுத் திருத்திவிட்டுப் பேசினான். உன்னை உயிர் நண்பன் என்றான். பறவைக் காதலனின் நினைவாகவே அத்தனை மரங்களையும் விட்டுவைக்க ஏற்பாடு செய்ததாகச் சொன்னான். பிறகு, சபையைச் சிரிக்கவைக்க, குருவியைக் கள்ளனென்று சொல்லி மாட்டிக்கொண்ட கதையை எடுத்தான். “நம்ம சாருக்கு ஊர்ப் பேரெல்லாம் தெரியும், ஊர்தான் தெரியாது!” என்றான். சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். அந்தப் பெயரை உனக்குச் சொன்னவன் அவன் என்றும், எந்தத் தோப்பில், எந்தப் புதரடியில் என்றும், கோர்ட்டில் பிரமாணத்தின் மேல் அவன் சொன்னது பொய் என்றும், குரலை உயர்த்தாமல் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவன் மட்டும் புன்னகை மாறாமல், “இன்னா வக்கீல் சார், சாவு ஊட்டுக் கூட்டத்துல போயி பழைய கேஸ் நடத்திகினு?” என்றான். முன் வரிசையில் யாரோ, “வுடுங்க சார், போனவரு போயிட்டாரு” என்றார். என்னை உட்காரச் சொன்னவர்களில் நீ நிரபராதி என்று அறிந்தவர்களும் இருந்தார்கள். வெளியே வந்துவிட்டேன்.

நீ கேட்டபடி உன் சிநேகிதத்தை நீ கண்மூடும்வரை காப்பாற்றிக் கொடுத்தேன். அந்த வாக்கு உன்னோடு முடிந்தது. கோபப்படாமலே போய்விட்டாய்; உன் பங்கையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன். அவன் எந்த மேடை ஏறினாலும் முன் வரிசையில் ஒரு நாற்காலியில் நான் இருப்பேன். கையைப் பிடித்துத் தடுக்க இனி எனக்கு யாருமில்லை.