கட்டைவிரல் முதலாளி

1931 பிப்ரவரி 9, ஆம்பூர்

மாமியார் கொலைச் சிந்து பாட்டுப் புத்தகம் மூன்றாம் பதிப்பும் தீர்ந்தது. எழுதியது நான்தான் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் பதிப்பில் இன்னொரு மாமியாரையும் சேர்த்துக் கொன்றேன், அதனால் வந்த விற்பனை. தோல் வியாபாரி ஹயாத் பாஷாவாகிய நான் அச்சுக்கூடம் வைத்துப் புலவனாகவும் ஆகிவிட்டேன்.

பிப்ரவரி 17

மிஷன் பள்ளி வாத்தியார் சாமுவேல் ஒரு நாவல் கொண்டுவந்தார். ஆறு வருஷ உழைப்பாம். சிந்து எனக்கு ஒரு மத்தியான வேலை.

பிப்ரவரி 23

படித்தேன். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நிற்பவன் கால் எரிச்சல் என் காலில் எரிந்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தோல் முதலாளி. சந்தையில் தடவிப் பார்க்கிற சாக்கில் கட்டைவிரல் நகத்தால் தோலைக் கீறுவான். பிறகு, ‘கீறல் இருக்கே, ரெண்டாம் ரகம்’ என்று விலையைக் குறைப்பான்.

என் நகத்தைப் பார்த்துக்கொண்டேன். சாமுவேலின் அப்பா பேரணாம்பட்டிலிருந்து எனக்குத் தோல் கொண்டுவந்தவர். இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பிப்ரவரி 24

அந்த அத்தியாயத்தை எடுத்தால் கதை வேகமாகப் போகும், விற்கும் என்றேன்.

“எடுத்துட்டா மீதி வெறும் காயிதம் பாய். குடுத்துடுங்க, போறேன்.”

கொடுக்கவில்லை. ஏன்? மட்டச் சரக்கு விற்றே பிழைத்தவன், முதல் ரகம் கைக்கு வந்தால் எப்படி விடுவேன்?

மார்ச் 20

ஒரு எழுத்தும் குறையாமல் அச்சாகிவிட்டது. ஐந்நூறு பிரதி.

ஜூன் 3

பதினோரு பிரதி போயிருக்கிறது. அதில் நாலு சாமுவேலே வாங்கியது. சிந்து ஐந்தாம் பதிப்பு — மூன்றாவது மாமியாரும் போய்ச் சேர்ந்தாள்.

“எழுதறத விட்டுட்டேன் பாய்” என்றார் வாத்தியார். முகத்தைப் பார்க்கப் பேஜாராக இருந்தது.

ஜூன் 5

வீட்டுக்காரியும் நாவலைப் படித்துவிட்டாள். “இந்த முதலாளி நீங்கதானே? தெரிஞ்சா ஊரே வாங்கும்.”

சிரிக்கிறாள். என்னைவிடப் பெரிய வியாபாரி இவள்.

ஜூன் 8

சந்தையில் நானே சொன்னேன் — வாத்தியார் நாவலில் தோலைக் கீறுகிற முதலாளி நான்தான் என்று. யாரும் ஆச்சரியப்படவில்லை. நான் கீறுவது இருபது வருஷமாக எல்லாருக்கும் தெரியுமாம்! புத்தகம் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள்.

ஜூலை 2

ஐந்நூறும் தீர்ந்தது. பாதிப் பேர் பன்னிரண்டாம் அத்தியாயம் மட்டும் படிக்கிறார்கள். மீதிப் பேர் சுண்ணாம்புக் குழியைப் பற்றிப் பேசுகிறார்கள். சாமுவேல் அடுத்த நாவல் தொடங்கிவிட்டார். அதில் யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 6

சந்தை. கோவிந்தசாமி ஆட்டுத்தோலை விரித்தான்.

“கட்டைவிரல் பாய், கைய பின்னால கட்டிக்கினு பாருங்க.”

கூட்டம் சிரித்தது. கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். முதல் ரகம். அப்படியே சொன்னேன்.