மூணு நாள் தையல்கடையில் அடித்த போன்

பம்பாய்,
14.8.86

அன்புள்ள சந்திரவல்லிக்கு,

நான் நல்லாயிருக்கேன். உன் கால் வீக்கம் வடிஞ்சதா? பிள்ளை அசையுதா? அத்தைக்கு இருமல் எப்படி?

ஞாயித்துக்கிழமை எங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல புது மெஷின் ஓட ஆரம்பிச்சது. பழைய நம்பருக்கு வர்ற போன் காலை மெஷினே புது நம்பருக்கு மாத்திவிடணும். எந்த நம்பருக்கு எந்த நம்பர்னு பட்டியல் எழுதினது நான்தான். உள்ளூர் காலுக்கு ஒரு பட்டியல், வெளியூர்லேருந்து வர்ற ட்ரங்க் காலுக்கு ஒண்ணு. என் ஹாஸ்டல் நம்பரை ஆபீசுக்குள்ள இருந்தே சுத்திப் பார்த்தேன், சரியா அடிச்சது, கையெழுத்துப் போட்டுட்டேன். அது உள்ளூர் கால்தானே, ட்ரங்க் பட்டியல்ல ஹாஸ்டலுக்கு நேரா அடுத்த வரி நம்பரை எழுதியிருக்கேன்னு நேத்துதான் தெரிஞ்சது. வெளியூர்லேருந்து ஹாஸ்டலுக்கு வந்த காலெல்லாம் மூணு நாளா ஒரு தையல்கடையில அடிச்சிருக்கு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

மன்னிப்புக் கேக்க அந்தக் கடைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை ஒரு பொம்பளை பேசினாங்களாம். தையல்காரருக்குத் தமிழ் தெரியாது. மொக்கச்சாமிங்கிற பேரு மட்டும் புரிஞ்சதாம், மத்ததெல்லாம் வெரசா சொன்னாங்களாம்.

நீயா? அவசரம்னாதானே பேசச் சொல்லியிருந்தேன். நம்ம ஊர் ஏலக்காய்க்கடை போனுக்கு நேத்திலிருந்து ட்ரங்க் கால் புக் பண்றேன், லைன் கிடைக்கலை. தந்தி கொடுத்தா நீ பயந்துருவேன்னு இதை எழுதுறேன்.

ஊறுகா தீர்ந்துபோச்சு, அதுக்கு அவசரமில்லை. தபால் எடுக்க ஆள் வந்தாச்சு. நம்பர் இப்போ சரியாயிருக்கு, போன் பண்ணு. தந்தி மட்டும் அனுப்பிறாத.

உன்
மொக்கச்சாமி